0.35 பெரியதா, 0.8 பெரியதா? கூடவே ஒரு நாடாக் கணக்கு

#1 தூக்கம்_போன_அம்மா

மகள் ஆறாம் வகுப்பு. நேற்று வீட்டுப்பாடத்தில் 0.35, 0.8, 0.127, 0.6 ஆகிய நான்கையும் ஏறுவரிசையில் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதியது: 0.6, 0.8, 0.35, 0.127. ஏன் இப்படி என்று கேட்டேன். "6, 8, 35, 127. சரியாத்தானே இருக்கு?" என்றாள். அவள் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது.

பூஜ்யம் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே நீளமாக்கு, அப்புறம் ஒப்பிடு என்று, எனக்கு அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்ததையே அவளுக்கும் சொன்னேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 0.8 போய் 0.008 ஆகியிருக்கிறது. புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வந்துவிட்டது இல்லையா, அவளைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

இரண்டாவது சந்தேகம் என்னுடையது. 1.2 மீட்டரில் ஒரு நாடா, 0.45 மீட்டரில் ஒரு நாடா. இரண்டையும் மிச்சமில்லாமல் ஒரே அளவுத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒரு துண்டு அதிகபட்சம் எவ்வளவு நீளம் இருக்கலாம்? மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி) கணக்கு என்று புரிந்தது. 12-க்கும் 45-க்கும் மீ.பெ.கா. 3, ஆகவே 0.3 என்றேன். விடைப் பக்கத்தில் 0.15 என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா, இல்லை நான்தான் பிழையா?

#2 பழைய_வாத்தியார்

அச்சுப்பிழை இல்லை அம்மா. 0.45-ஐ 0.3 நீளத் துண்டுகளாக வெட்டிப் பாருங்கள், ஒன்றரைத் துண்டு வரும். அதை வேறு யாராவது விளக்கட்டும், நான் முதல் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் மகள் 0.35-ஐ எப்படி வாசிக்கிறாள்? "பூஜ்யம் புள்ளி முப்பத்தைந்து" என்றுதானே? முப்பத்தைந்து என்று வாய் சொல்லிவிட்ட பிறகு, அது எட்டைவிடச் சின்னது என்பதை மனசு எப்படி ஒப்புக்கொள்ளும்? "புள்ளி மூன்று ஐந்து" என்று ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் இதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. பெற்றோர்கள் வீட்டில் மறுபடி "முப்பத்தைந்து" என்று மாற்றிவிடுவார்கள், அது வேறு கதை.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். தசமத்தில் குழந்தைகள் செய்யும் பிழை ஒரே வகை இல்லை. உங்கள் மகளுடையது "நீளமானது பெரிது" என்ற வகை. இதற்கு நேர் எதிரான ஒரு கூட்டமும் உண்டு. "பத்தில் ஒன்று பெரிது, நூறில் ஒன்று சின்னது" என்று சரியாகக் கேட்டுக்கொண்டு, அதிலிருந்து "இரண்டு இலக்கம் இருந்தால் நூறு வந்துவிட்டது, அப்போ சின்னது" என்று தாவிவிடுவார்கள். அவர்களைக் கேட்டால் 0.75-ஐவிட 0.4 பெரிது என்பார்கள். இவர்களை உடனே திருத்துவது கஷ்டம், ஏனென்றால் இவர்கள் சொல்லும் காரணத்தில் பாதி உண்மை.

ஆகவே ஒரு கணக்கைக் கொடுத்து, விடை சரி என்றதும் எழுந்து போய்விடாதீர்கள். 0.4, 0.75 என்ற சோடியைக் கொடுத்தால் "நீளமானது பெரிது" பிள்ளை சரியான விடையே சொல்லும், தவறான காரணத்துக்காக. 0.6, 0.25 என்று கொடுத்தால் "குட்டையானது பெரிது" பிள்ளை தப்பித்துவிடும். இரண்டையும் கொடுங்கள். கூடவே 0.3, 0.03 ஒரு சோடி. 0.35, 0.350 ஒரு சோடி. நான்கையும் வைத்தால் பிள்ளை எதை நம்புகிறது என்று தெரிந்துவிடும்.

#3 நிரல்_எழுதி

அக்கா, எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கு. அகராதி.

அகராதியில் "அகலம்" முன்னால் வருது, "ஆ" பின்னால் வருது. "அகலம்" நாலெழுத்து, "ஆ" ஒரே எழுத்து. நீளத்தை யாருமே பார்க்கிறதில்லை. முதல் எழுத்தைப் பார்க்கிறோம். அது ஒண்ணா இருந்தால் இரண்டாவது எழுத்து. தசமப் புள்ளிக்குப் பின்னால் நடக்கிறதும் இதேதான். 0.35-இல் முதல் "எழுத்து" 3, 0.8-இல் 8. கதை முடிஞ்சது. 0.127-இல் முதல் எழுத்தே 1, அப்புறம் 27 வந்தால் என்ன, 2799 வந்தால் என்ன. அகராதியில் "அ" எப்படி "அகலம்" என்பதற்கு முன்னால் வருதோ, அப்படித்தான் 0.3-உம் 0.35-க்கு முன்னால்.

முழு எண்ணில் இது செல்லாது. அங்கே 9-க்குப் பிறகுதான் 10, அகராதி முறையில் அடுக்கினால் 10 முன்னால் போய் நிற்கும். கணினியில் கோப்புகளுக்கு 1, 2, 10 என்று பெயர் வைத்து, சில இடங்களில் 1, 10, 2 என்று அடுக்கிவைப்பதைப் பார்த்திருப்பீங்க. முழு எண்ணை வலது ஓரத்தில் சேர்த்து அடுக்கணும், தசமத்தைப் புள்ளியில் சேர்த்து அடுக்கணும். குழந்தைக்கு ஐந்து வருஷமா பழக்கினது முதல் வகை. திடீர்னு மாறு என்றால் மாறாது.

அதோடு நாங்களும் ஒரு குழப்பம் பண்ணி வெச்சிருக்கோம். மென்பொருள் பதிப்பு எண். பைத்தான் 3.9-க்கு அடுத்து வந்தது 3.10. அங்கே இருக்கிற புள்ளி தசமப் புள்ளி இல்லை, வெறும் பிரிப்புக் குறி. பாடநூலில் 4.9-ஆம் பகுதிக்கு அடுத்து 4.10 வருதே, அதுவும் இதே கதைதான். உங்க பொண்ணு அதையெல்லாம் பார்த்துட்டுத்தான் 35 பெரிசு என்று சொல்றாளோ என்னவோ!

#4 சந்தேகப்_பேர்வழி

பூஜ்யம் சேர்க்கும் முறையை நான் எதிர்க்கிறேன். 800, 350, 127, 600 என்று ஆக்கியதும் பிள்ளை என்ன செய்கிறாள்? மறுபடி முழு எண்ணாகத்தான் ஒப்பிடுகிறாள். காய்ச்சல் இறங்கியிருக்கிறது, நோய் அப்படியே உள்ளே இருக்கிறது. விடைத்தாளில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் "0.127 எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, 0.1-க்கா, 1-க்கா?" என்று கேட்டுப் பாருங்கள். முழிக்கும்.

0.008 வந்ததும் இதனால்தான். சூத்திரத்தை "பூஜ்யம் போடு" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். எங்கே போடுவது, ஏன் போடுவது என்று அவளுக்குச் சொல்லப்படவில்லை. அம்மா தப்பாக நினைக்க வேண்டாம், எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

#5 சுழியக்_கட்சி

சந்தேகப்_பேர்வழி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிதான் இந்த இழையின் விஷயமே.

சுழியம் சேர்ப்பது குறுக்குவழி இல்லை. பின்னங்களை ஒப்பிடும்போது பகுதிகளைச் சமமாக்குகிறோமே, அதே வேலைதான். 0.8 என்பது 8/10. அதை 0.800 என்று எழுதினால் 800/1000. தொகுதியையும் பகுதியையும் ஒரே எண்ணால் பெருக்கியிருக்கிறோம், மதிப்பு மாறவில்லை. இப்போது நான்கு எண்களுக்கும் பகுதி 1000. எல்லாரும் ஒரே அலகில் பேசுகிறார்கள், ஆகவே தொகுதிகளை முழு எண்ணாக ஒப்பிடுவதில் குற்றம் எதுவும் இல்லை. இந்தப் படி மனதில் இருந்தால் 0.008 வரவே வராது: 8/10 எப்படி 8/1000 ஆகும்?

இப்போது நாடாவுக்கு வருவோம். அம்மா, நீங்கள் 12-ஐயும் 45-ஐயும் எடுத்தீர்கள். 1.2-இல் இருக்கும் 12 எதை எண்ணுகிறது? பத்தில் ஒரு பங்கு மீட்டர்களை. 0.45-இல் இருக்கும் 45? நூறில் ஒரு பங்கு, அதாவது சென்டிமீட்டரை. ஒன்றின் அலகு மற்றதைப்போல் பத்து மடங்கு. அலகு வேறாக இருக்கும் இரண்டு எண்ணிக்கைகளுக்குப் பொதுக் காரணி கண்டால் அது நாடாவைப் பற்றி எதையும் சொல்லாது.

1.2-ஐ 1.20 ஆக்குங்கள். 120 சென்டிமீட்டர், 45 சென்டிமீட்டர். மீ.பெ.கா. 15. விடை 0.15 மீட்டர். முதல் நாடாவில் 8 துண்டு, இரண்டாவதில் 3 துண்டு. 8-க்கும் 3-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை என்பதால் இதைவிடப் பெரிய துண்டு கிடையாது.

மகளுக்கு வந்த பிழையும் உங்களுக்கு வந்த பிழையும் ஒன்றுதான். அவள் 8-ஐயும் 35-ஐயும் ஒரே அலகு என்று நினைத்தாள். நீங்கள் 12-ஐயும் 45-ஐயும்.

#6 தூக்கம்_போன_அம்மா

கடைசி வரி கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது :) ஆனால் புரிந்தது. நன்றி.

0.800-ஐ அவளிடம் எப்படிக் காட்டுவது? "ஒரே எண்ணால் பெருக்கு" என்றால் கண்ணை உருட்டுகிறாள்.

இன்னொன்று, 120-க்கும் 45-க்கும் 15 என்று நீங்கள் சட்டென்று சொல்லிவிட்டீர்கள். நாங்கள் காரணிகளை வரிசையாக எழுதினால் நடுவில் ஒன்றிரண்டு விட்டுப்போகிறது. பகா எண்களாகப் பிரிப்பதா, பட்டியல் போடுவதா, எது நல்லது?

#7 பழைய_வாத்தியார்

முதல் கேள்விக்கு: 1585-இல் சைமன் ஸ்டெவின் என்ற கணிதர் தசமங்களைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதில் புள்ளியே கிடையாது. ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் எண் போட்டு, அது எந்த இடம் என்று காட்டினார். வட்டத்துக்குள் 1 என்றால் பத்தில் ஒன்று, 2 என்றால் நூறில் ஒன்று, 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று. எழுதுவதற்குத் தொல்லைதான், அதனால்தான் அது நிலைக்கவில்லை. ஆனால் கற்பதற்கு அருமை. உங்கள் மகளை ஒவ்வொரு இலக்கத்துக்கும் கீழே பென்சிலால் அந்த வட்ட எண்ணைப் போடச் சொல்லுங்கள். 0.8-இல் எட்டுக்குக் கீழே 1 இருக்கும். 0.008 என்று எழுதினால் அதே எட்டுக்குக் கீழே 3 வந்து நிற்கும். "எட்டு ஏன் இடம் மாறிச்சு?" என்று அவளே கேட்பாள். 0.800-இல் எட்டு இருந்த இடத்திலேயே இருக்கும்.

பொதுக் காரணிக்கு: பட்டியல் போடுவதென்றால் சோடி சோடியாகப் போடுங்கள், விட்டுப்போகாது. 45 என்றால் 1×45, 3×15, 5×9. அடுத்து 6, வகுபடாது. 7×7 என்பதே 49, ஆகவே நிறுத்தலாம். பகா எண்களாகப் பிரித்தால் 120 = 2×2×2×3×5, 45 = 3×3×5. இரண்டிலும் இருப்பது ஒரு 3, ஒரு 5. பெருக்கினால் 15. இங்கே பிள்ளைகள் செய்கிற தவறு, 3-ஐக் கண்டுபிடித்ததும் மகிழ்ச்சியில் நிறுத்திவிடுவது. அது ஒரு பொதுக் காரணிதான், ஆனால் மிகப் பெரியது இல்லை. எல்லாப் பொதுக் காரணிகளும் வேண்டுமென்றால் 15-இன் காரணிகளை எழுதினால் போதும்: 1, 3, 5, 15.

மூன்றாவது வழிதான் எனக்கு உயிர். நாடாவையே வெட்டிப் பாருங்கள். நீளமானதிலிருந்து குட்டையானதைக் கழியுங்கள்: 120 − 45 = 75. மறுபடி: 75 − 45 = 30. இப்போது 45-உம் 30-உம். 45 − 30 = 15. இப்போது 30-உம் 15-உம். 30 − 15 = 15. இரண்டும் சமம், அதுதான் விடை. இரண்டு நீளங்களையும் மிச்சமில்லாமல் அளக்கும் துண்டு, அவற்றின் வித்தியாசத்தையும் மிச்சமில்லாமல் அளக்கும். அந்த ஒரே காரணம்தான் இதற்கு அடிப்படை. யூக்ளிட் சுமார் கி.மு. 300-இல் எழுதி வைத்தது.

அலகை மாற்றாமல் தசமத்திலேயே செய்யலாம்: 1.2 − 0.45 = 0.75, 0.75 − 0.45 = 0.3, 0.45 − 0.3 = 0.15, 0.3 − 0.15 = 0.15.

#8 நிரல்_எழுதி

வாத்தியார் ஐயா சொன்ன மூன்றாவது வழிதான் நாங்களும் நிரலில் எழுதுவது, கழித்தலுக்குப் பதிலா வகுத்து மீதி எடுப்போம். பகா காரணி வழி எங்கே உதைக்கும் என்று தெரியணுமா? 1147, 1271 இரண்டுக்கும் மீ.பெ.கா. கண்டுபிடிங்க. 2, 3, 5, 7 எதுவும் போகாது, 11, 13, 17... கை வலிக்கும். வித்தியாசம் பாருங்க: 124. 1147-ஐ 124-ஆல் வகுத்தால் மீதி 31. 124-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி இல்லை. விடை 31. மூணு வரி. (31×37, 31×41.)

எவ்வளவு பெரிய எண்ணானாலும் சிறிய எண்ணில் எத்தனை இலக்கமோ, அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வகுத்தல் தேவைப்படாது. 1844-இல் லாமே என்ற பிரெஞ்சுக் கணிதர் நிரூபிச்சது.

#9 வரையறை_முக்கியம்

எல்லாரும் அவசரப்படுகிறீர்கள். காரணி என்ற சொல் முழு எண்களுக்கு உரியது. தசமங்களில் 1.2-ஐ எந்த எண்ணாலும் வகுக்கலாம், பூஜ்யத்தைத் தவிர. அப்படியிருக்க "1.2-இன் காரணி" என்பதற்கு என்ன பொருள்?

#10 சுழியக்_கட்சி

நியாயமான கேள்வி. "இரண்டும் அதன் முழு எண் மடங்காக இருக்க வேண்டும்" என்று நிபந்தனையைச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. முடிவுள்ள தசமங்கள் எதை எடுத்தாலும் அப்படி ஒரு பொது அளவு கட்டாயம் இருக்கும், பின்னங்களுக்கும் இருக்கும். ஆனால் எல்லா நீளத்துக்கும் இருக்காது. ஒரு சதுரத்தின் பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் எடுத்துக்கொண்டு வாத்தியார் சொன்னபடி கழித்துக்கொண்டே போனால் கழித்தல் முடியவே முடியாது. இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்கும் துண்டு என்று ஒன்று கிடையாது, எவ்வளவு சிறிதாக வெட்டினாலும்.

#11 வரையறை_முக்கியம்

அந்த நிபந்தனையோடு என்றால் சரி.

#12 இரவுப்_பறவை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கு இதேபோல் ஒன்று, ஆனால் பின்னங்கள் கலந்து. 21/56, 0.4, 7/18 மூன்றையும் ஏறுவரிசையில் எழுத வேண்டும். "பகுதியில் 2, 5 தவிர வேறு பகா எண் இருந்தால் தசமம் முடியாது" என்று பாடத்தில் இருக்கிறதாம். 56-இல் 7 இருக்கிறது, ஆகவே 21/56 முடியாது என்கிறான். வகுத்துப் பார்த்தால் 0.375 என்று அழகாக முடிந்துவிட்டது. விதி தப்பா?

#13 பழைய_வாத்தியார்

விதி தப்பில்லை, அதில் ஒரு சொல்லை விட்டுவிட்டான். பின்னத்தைச் சுருக்கிய பிறகு பார்க்க வேண்டும். 21-க்கும் 56-க்கும் 7 பொதுக் காரணி, அடித்தால் 3/8. எட்டில் வெறும் 2-கள்தான். பத்து என்பதே 2×5. பகுதியை 10, 100, 1000 என்று ஏதாவது ஒன்றாக மாற்ற முடிந்தால்தான் தசமம் முடியும், 2-உம் 5-உம் மட்டும் இருந்தால்தான் அப்படி மாற்ற முடியும். எத்தனை இலக்கத்தில் முடியும் என்பதும் அதிலேயே இருக்கிறது: 2, 5 இரண்டில் எது அதிக முறை வருகிறதோ அத்தனை இலக்கம். 8-இல் மூன்று 2, ஆகவே மூன்று இலக்கம். 80-இல் நான்கு 2, ஒரு 5. ஆகவே 1/80 நான்கு இலக்கம், 0.0125.

18-இல் 3 இருக்கிறது, 7-உடன் அடிபடவும் இல்லை. 7/18 = 0.3888... என்று போய்க்கொண்டே இருக்கும். ஆகவே வரிசை 21/56, 7/18, 0.4.

#14 நிரல்_எழுதி

கணினிக்கு பத்து கிடையாது, இரண்டு மட்டும்தான்: எண்களை 0, 1 என்ற இரண்டு இலக்கத்தில்தான் எழுதும். அதனால் பத்தில் ஒன்று என்ற அப்பாவி எண்ணே அதுக்கு முடிவில்லாத எண், 10-இல் 5 இருக்கே! 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பல நிரல்மொழிகள் 0.30000000000000004 என்று காட்டும். அது 0.3-க்குச் சமமா என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதுக்காக ஒரு ராத்திரி முழுக்க என் நிரலில் பிழை தேடியிருக்கேன். பிழை என் நிரலில் இல்லை, 5 என்ற காரணியில்.

#15 சந்தேகப்_பேர்வழி

அகராதி முறைக்கு ஓர் ஓட்டை சொல்கிறேன். 0.999... என்று முடிவில்லாமல் போகும் எண்ணையும் 1.000-ஐயும் ஒப்பிடுங்கள். முதல் இலக்கத்திலேயே வித்தியாசம்: 0, 1. உங்கள் விதிப்படி முதலாவது சின்னது. ஆனால் இரண்டும் சமம். 1/3 = 0.333... என்பதை மூன்றால் பெருக்கினாலே தெரியும்.

#16 நிரல்_எழுதி

பிடிச்சிட்டீங்க. முடிவில்லாத 9 வால் இருக்கிற எண்களை விலக்கிவிட்டுத்தான் அந்த விதியைச் சொல்லணும். ஆறாம் வகுப்புக்கு அது வராது என்று நம்புறேன்.

#17 மட்டுறுத்துநர்

0.999... பற்றி ஏற்கெனவே முந்நூறு பதிவுகள் கொண்ட இழை ஒன்று இருக்கிறது. அங்கே போய்ச் சண்டை போடவும்.

#18 தூக்கம்_போன_அம்மா

நிலவரம் சொல்ல வந்தேன். வாத்தியார் ஐயா சொன்ன நான்கு சோடிகளையும் கொடுத்தேன், வட்ட எண் போட வைத்து. 0.4, 0.75 சரி. 0.6, 0.25-இல் 25 என்று ஆரம்பித்துத் தானே நிறுத்தி "புள்ளி இரண்டு ஐந்து" என்று திருத்திக்கொண்டாள். 0.3, 0.03 சரி. 0.35, 0.350 சமம் என்றாள், ஆனால் "அப்போ அந்தப் பூஜ்யத்தை ஏன் எழுதினாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

நாடாவைக் காகிதத்தில் நிஜமாகவே வெட்டினோம். எட்டும் மூன்றும் பதினொரு துண்டு. மேசையெல்லாம் குப்பை.

ஆசையாக ஐந்தாவதாக நானே ஒரு சோடி கொடுத்தேன்: −0.7, −0.65. "−0.7 பெரிசு, ஏழு முதல்ல வருதே" என்கிறாள். அகராதி முறை என்னைக் கைவிட்டுவிட்டது.

#19 பழைய_வாத்தியார்

அந்தப் பூஜ்யம் அளவெடுத்தவர் எழுதியது என்று சொல்லுங்கள். 0.35 மீட்டர் என்றால் சென்டிமீட்டர் வரை பார்த்து அளந்தேன், 0.350 என்றால் மில்லிமீட்டர் வரை பார்த்தேன், அங்கே எதுவும் மிஞ்சவில்லை என்று பொருள். எண் ஒன்றுதான், அளந்தவரின் கவனம் வேறு.

குறை எண்ணுக்கு எண்கோடு ஒன்று வரையுங்கள். பூஜ்யத்துக்கு இடப்பக்கம் 0.65 தூரத்தில் ஒரு புள்ளி, 0.7 தூரத்தில் ஒரு புள்ளி. 0.7 இன்னும் இடப்பக்கம் தள்ளி நிற்கும், ஆகவே −0.7 தான் சின்னது. எது தொலைவு என்பதை மட்டும் அகராதி முறையில் பார்க்கச் சொல்லுங்கள், எது பெரியது என்பதைக் கோட்டைப் பார்த்து அவளே சொல்லட்டும். இதற்குமேல் கேள்வி இருந்தால் தனி இழை போடுங்கள் அம்மா, மட்டுறுத்துநர் ஏற்கெனவே முறைக்கிறார்.